குட்டியின் முட்டி வீக்கம் வடிந்த விதம்

அந்தியூர் சந்தையில் வாங்கிய கத்தியவாரி இனக் குதிரைக்குட்டிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. முன்னங்கால் முட்டிக்கு மேலே, உள்பக்கம், தொட்டால் சுடுகிற புடைப்பு. நொண்டவில்லை, நடைதான் விறைப்பு. பழைய இடத்துத் தீனியே காரணம் என்றார் கால்நடை மருத்துவர். சந்தைக்குக் கொழுக்க வைக்க, வேளைக்கு வேளை கோதுமைத் தவிடும் கொள்ளும் போட்டிருக்கிறார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். வளரும் எலும்புக்கோ பாஸ்பரஸைவிடக் கால்சியம் ஒன்றரை மடங்காவது வேண்டும்.

தவிட்டை நிறுத்தினேன். கொள்ளைப் பாதியாக்கி மூன்று வேளையாகப் பிரித்தேன். குதிரைமசால் என்ற தீவனப் பயிர், காய்ந்த புல், தாது உப்புக் கலவை, அப்புறம் திறந்த இடத்தில் மேய்ச்சல். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது, அதுதான் அளவு. இளைத்துவிட்டதே என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். சூடு முதலில் தணிந்தது. புடைப்பு வடிய மாதக்கணக்கில் ஆனது.