ஷட்டர் ரிமோட்டைக் கெடுத்த பல்பு

பாளையங்கோட்டை வீட்டு கார் ஷெட்டின் மோட்டார் ஷட்டர் பகலில் தெருவிலிருந்தே திறக்கும். ராத்திரி ரிமோட்டை, அதன் சிக்னலை வாங்கும் ரிசீவர் பெட்டிக்கு அடியில் நீட்டினால்தான் அசையும். சுவர் சுவிட்சில் எப்போதும் ஓடியது, ஆக மோட்டாரில் கோளாறில்லை.

ரிமோட்டின் 12 வோல்ட் 23ஏ பேட்டரியை மாற்றினேன். ரிசீவரின் நினைவிலிருந்து ரிமோட்டை அழித்து மறுபடி பதிந்தேன். சுருண்டு கிடந்த 17 செ.மீ. ஆன்டெனா வயரை நேராகத் தொங்கவிட்டேன். மூன்று நாள் வீண்.

நாலாம் ராத்திரி கரண்ட் போனது. ஷட்டர் இன்வர்ட்டர் லைனில் இருக்கிறது, ஷெட் பல்பு அந்த லைனில் இல்லை. ரிமோட் தெருவிலிருந்தே வேலை செய்தது!

ரிசீவருக்கு அரையடி தள்ளி மலிவு எல்.இ.டி. பல்பு. அதன் டிரைவரில் (கரண்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றும் சர்க்யூட்) ஃபில்டர் சரியில்லாவிட்டால் வரும் ரேடியோ இரைச்சல், 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரின் காதை அடைத்துவிடும். பல்பு நன்றாகத்தான் எரியும், அதனால் சந்தேகமே வராது. வேறு பல்பு மாட்டி, ஹோல்டரையும் ஆறடி தள்ளி வைத்தேன். இப்போது ராத்திரியும் தெருவிலிருந்தே திறக்கிறது.