இரண்டரை மணிப் படகுக்கு முன் முடிகிற கூட்டம்: தீவுகளில் திட்டமிடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், யாழ்ப்பாணத் தீவுகளுக்குப் படகேறும் குறிகாட்டுவான் இறங்குதுறையில் நின்றபோது, புதிதாக நியமனம் பெற்ற மூன்று அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் தங்கள் நிகழ்ச்சி நிரலைக் காட்டினார்கள். பத்தரைக்குத் தீவில் இறங்குவது, பதினொன்றுக்கு மக்கள் கலந்துரையாடல், ஒன்றுக்குச் சாப்பாடு, இரண்டரைக்குத் திரும்பும் படகு. எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. ஏனென்றால் இதே தாளை, ஏறக்குறைய இதே நேரங்களோடு, பதினாறு வருஷத்துக்கு முன் நான் தட்டச்சுச் செய்திருக்கிறேன்.

தமிழில் அறிவித்தல் ஒட்டுங்கள், பெரியவர்களுக்கு மரியாதை கொடுங்கள், கடல் குமட்டலுக்குக் குளிசை கொண்டுபோங்கள் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளைப் பற்றித்தான் இது.

எல்லாவற்றையும் "தீவகம்" என்ற ஒரே பையில் போடுவது

வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் பஸ் போகிறது. காரைநகருக்கும் தரைவழி இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு நான்குக்கும் கடல் கடக்க வேண்டும். அந்த நான்கும்கூட ஒன்றல்ல. நெடுந்தீவுக்குத் தனிப் பிரதேச செயலகமும் பிரதேச சபையும் உண்டு. நயினாதீவு வேலணையோடு சேர்ந்தது. அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறையோடு, அவர்களுக்குத் துறையும் அங்கேதான். நாகபூஷணி அம்மன் கோவிலும் நாகவிகாரையும் இருப்பதால் நயினாதீவுக்கு அடிக்கடி படகு ஓடும், ஆனால் ஆனி மாதத் திருவிழாவில் உள்ளூர்ச் சனத்துக்கே அதில் இடம் பிடிப்பது பெரும்பாடு. அந்த நாட்களில் அங்கே கூட்டம் வைத்துவிட்டு "சனம் வரவில்லை" என்று அறிக்கை எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும். நான்தான் அது.

நெடுந்தீவு கிட்டத்தட்ட எட்டுக் கிலோமீற்றர் நீளம், ஆறு கிராம அலுவலர் பிரிவு. படகு வந்து சேரும் மாவிலித்துறைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டத்தை வைத்துவிட்டு "நெடுந்தீவு மக்களைக் கேட்டோம்" என்று எழுதாதீர்கள். துறையடியில் இருப்பவர்களைக் கேட்டீர்கள், அவ்வளவுதான்.

படகு நேரத்துக்குள் மக்களைக் கேட்பது

இதைத்தான் நான் நீட்டி எழுத வேண்டும், ஏனென்றால் இன்னும் இது என்னை விட்டுப் போகவில்லை.

ஒரு தீவு, பெயர் வேண்டாம். குடிதண்ணீர்ப் பிரச்சினை. கிணறுகள் உவர், கோடையில் பவுசர் (தண்ணீர் லொறி) வந்தால்தான் சமையல். ஒரு தாங்கியும் நாலு குழாயும் வைக்கக் காசு வந்திருந்தது. எங்கே வைப்பது என்று மக்களே தீர்மானிக்கட்டும் என்று மேலிடம் சொல்லியிருந்தது, நல்ல விஷயம்தானே. போனோம். பதினொன்றுக்குச் சனசமூக நிலையத்தில் கூட்டம். நாற்பத்துமூன்று பேர், எல்லாரும் வரவு இடாப்பில் கையெழுத்து. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் அழகாகப் பேசினார், கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் வழிமொழிந்தார், தாங்கி சனசமூக நிலையத்துக்கு முன்னால் வருவதென்று ஒரே மனதாக முடிவாயிற்று. யாரும் மறுக்கவில்லை. சோடாவும் றோல்ஸும் கொடுத்தோம். ஒன்றே முக்காலுக்கே துறைக்கு வந்துவிட்டோம் என்று எங்களுக்குள் ஒரு பெருமை வேறு.

எட்டு மாதம் கழித்துப் போனேன். தாங்கி நிற்கிறது, குழாய் நிற்கிறது, அதன் அடியில் ஈரமே இல்லை. தாங்கியின் நிழலில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. பூட்டியிருக்கிறதா என்று குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் வந்தது. ஆட்கள்தான் வரவில்லை. பெண்கள் அந்த வழியைக் கடந்து, முன்பு போலவே, பவுசர் நிற்கிற இடத்துக்குத்தான் வாளியோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

வேலியோரம் நின்ற ஒரு அம்மாவைக் கேட்டேன். அவர் முதலில் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, பின்னேரம்தான் எங்களுக்கு நேரம். அந்த நேரம் அதில கடதாசி விளையாடிக்கொண்டு இருக்கினம். குமர்ப்பிள்ளையை எப்பிடி அனுப்புறது?"

கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், முட்டாள்தனமான கேள்வி.

"நீங்கள் வந்த நேரம் நாங்கள் தண்ணிக்கு நிண்டனாங்கள்."

தண்ணீரைப் பற்றிய கூட்டத்தைத் தண்ணீர் வரும் நேரத்தில் வைத்திருக்கிறோம். ஏன் அந்த நேரம்? நாங்கள் ஏறிய படகு அந்த நேரத்துக்கு வந்தது, இரண்டரைக்குத் திரும்பியது, அதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் ஓய்வாக இருந்தவர்கள் வந்தார்கள்: ஓய்வூதியக்காரர், கடைக்காரர், சங்கத் தலைவர்கள். இரவு தொழிலுக்குப் போனவர்கள் நித்திரை, காலையில் வலை இழுத்தவர்கள் மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள், பெண்கள் வரிசையில். நாற்பத்துமூன்று கையெழுத்தில் பெண்கள் ஒன்பது பேர், அவர்களிலும் ஐந்து பேர் அரச உத்தியோகம். நான் பிறகு உட்கார்ந்து எண்ணினேன். கூட்டம் முடிந்த அன்றே எண்ணியிருந்தால் ஒரு தாங்கி தப்பியிருக்கும்.

இதைச் சொன்னால் புதியவர்கள் "அடுத்த முறை பெண்களையும் கூப்பிடுவோம்" என்கிறார்கள். கூப்பிடுவது பிரச்சினை அல்ல. நாங்கள் முதல்நாளே ஒலிபெருக்கியில் கூப்பிட்டோம். பிரச்சினை, அந்த நாளின் மூன்றரை மணித்தியாலத்துக்குள் தீவு தன் முழு வாழ்க்கையையும் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரவு தங்குங்கள். ஒரு இரவாவது, முடிந்தால் இரண்டு. முதல் நாள் கூட்டம் வேண்டாம், நடங்கள். பின்னேரம் ஐந்து மணிக்குத் தண்ணீர் அள்ளும் இடத்தில் நில்லுங்கள், விடியற்காலை முதல் படகில் யார் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். கிளினிக் கொப்பியை சொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இலக்கம் எடுக்க அவர்கள் எத்தனை மணிக்கு எழும்பினார்கள் என்று கேளுங்கள். சுகாதார சேவை பற்றி உங்கள் கூட்டத்தில் வரப்போவதை விட அந்தப் படகில் அதிகம் தெரியவரும். தொழிலாளர்களைக் கேட்க வேண்டுமென்றால் நிலவு காலம் பாருங்கள், பறுவத்தை, அதாவது பௌர்ணமியை, ஒட்டி வலைத் தொழில் பெரும்பாலும் மந்தம், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் காலத்திலும் வாடையிலும் (வடகிழக்குக் காற்று) ஒரு நாள் கட்டாயம் போங்கள். கடல் சும்மா கிடக்கும் பங்குனி, சித்திரையில் மட்டும் போய்வந்தவர்கள்தான் "ஒரு மணித்தியாலப் படகுப் பயணம்" என்று அறிக்கையில் எழுதுகிறார்கள்.

தங்குவதற்குப் பணம் தரமாட்டார்கள் என்பீர்கள். சரி, எனக்கும் தரவில்லை. பிரயாணப்படி விண்ணப்பத்தில் "இரவு தங்க நேர்ந்ததற்கான காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் ஒருமுறை "மக்கள் இரவில்தான் வீட்டில் இருக்கிறார்கள்" என்று எழுதினேன். கணக்குக் கிளையில் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் "கடல் கொந்தளிப்பு" என்று எழுதினேன், கிடைத்தது.

வரவு இடாப்பை ஆதாரமாகக் காட்டுவது

அது யார் வந்தார் என்று மட்டும்தான் சொல்லும்.

தரையின் விலையில் தீவின் மதிப்பீடு

மக்கள் ஐந்து வேலை கேட்டார்கள், ஐந்தையும் மாவட்ட விலைப்பட்டியலின்படி மதிப்பிட்டுத் திட்டத்தில் போட்டீர்கள். பிறகு ஒப்பந்தக்காரரிடம் கேள்விப்பத்திரம் கோரினால் ஒருவரும் வரமாட்டார், அல்லது வருகிறவர் இரண்டு வேலைக்குத்தான் காணும் என்பார். ஒரு பை சீமெந்து யாழ்ப்பாணத்தில் லொறியில் ஏறுகிறது, துறையில் இறங்குகிறது, வள்ளத்தில் ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது, உழவு இயந்திரத்தில் ஏறுகிறது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் கூலி. நனைந்தால் பை போச்சு. இந்தக் கணக்கைத் தீவில் வீடு கட்டிய எந்தக் குடும்பமும் விரல்விட்டுச் சொல்லும், அவர்களிடம் கேட்காமல் உங்கள் கணினியில் உள்ள பட்டியலைத்தான் நம்புகிறீர்கள். ஐந்து என்று வாக்குக் கொடுத்து இரண்டைச் செய்தால், தீவில் உங்களைக் கள்ளன் என்றுதான் சொல்வார்கள். முதலே இரண்டு என்று சொல்லி எந்த இரண்டு என்று கேட்டிருந்தால் மரியாதையாவது மிஞ்சும்.

ஸ்கொட்லாந்தில் 2018 இல் தீவுகளுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு கொள்கை தீவு மக்களை மற்றவர்களை விடக் கணிசமாக வேறுவிதமாகப் பாதிக்கக்கூடும் என்றால், அரச அமைப்புகள் அதைத் தனியாக மதிப்பிட வேண்டும். இங்கே அப்படி ஒன்று வரும்வரை உங்கள் மதிப்பீட்டில் "கடல்வழி ஏற்றிறக்கம்" என்று ஒரு வரி சேர்க்க எந்தச் சட்டமும் தேவையில்லை.

மே 15 அன்று நெடுந்தீவில் கூட்டம்

வைக்காதீர்கள். 1985 இல் நெடுந்தீவிலிருந்து குமுதினிப் படகில் போனவர்கள் கடலில் வைத்து வெட்டிக் கொல்லப்பட்ட நாள் அது.

வெளிநாட்டுச் சங்கத்தின் மின்னஞ்சலைத் தீவின் குரலாக எடுப்பது

வெளிநாட்டுக்குப் போன ஊரவர்கள் காசு தருகிறார்கள், நன்றி. வாளி தூக்குவது அவர்கள் அல்ல.

கேட்டுவிட்டு வராமல் விடுவது

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டத்தைப் பாருங்கள். காற்றாலை, சூரிய மின்கலம், பற்றரி, டீசல் எல்லாம் சேர்ந்த கலப்புத் திட்டம். 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்க அமைச்சரவை அனுமதித்தது, அந்த வருஷக் கடைசியில் அது நின்றது, பிறகு இந்தியா 1.1 கோடி டொலர் நன்கொடையாகத் தருவதென்றாகி 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இடையில் மூன்று வருஷம். நான் வாசித்த கட்டுரைகள் எல்லாம் டில்லியையும் பெய்ஜிங்கையும் பற்றித்தான் எழுதின. எங்களைப் போன்ற சின்ன உத்தியோகத்தர் அதில் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் தீவில் இறங்கினால் "அது என்ன ஆச்சு?" என்று எங்களிடம்தான் கேட்பார்கள். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்ல வேண்டும். "பரிசீலனையில் இருக்கிறது" என்று மழுப்பினால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது.

தாங்கி விஷயத்துக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்தேன். அந்தத் தீவின் துறையடியில் ஒரு கரும்பலகை. கூட்டத்தில் கேட்டது என்ன, கிடைத்தது எது, கிடைக்காதது எது, ஏன் என்று வெண்கட்டியால் எழுதிவைப்பேன். முதல் முறை எழுதியதில் மூன்று "இல்லை". மூன்றாவது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான பின்னேரப் படகு: எரிபொருள் ஒதுக்கீடு இல்லை. அடுத்த முறை இறங்கியபோது அதன் கீழே யாரோ கரிக்கட்டியால் எழுதியிருந்தார்கள், "அப்ப எப்ப?"

அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டுவிட்டு, அதன் கீழே எழுதினேன்: பங்குனிக்குப் பிறகு.