பொன்னாடைக்கு முன்னால் பாஸ்புக்: பொறியாளர் சங்கக் கிளையில் பொறுப்புக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொதுக்குழு முடியப் போகிறது. பந்தியில் இலை போட்டாகிவிட்டது, பின்வரிசை எழுந்து போய்க்கொண்டிருக்கிறது. மேடையிலிருந்து ஒரு மூத்தவர் மைக்கைப் பிடித்து, "தம்பி, இந்தத் தடவை செயலாளரா நீங்களே இருந்திருங்க" என்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். இராமநாதபுரம் கடலோரத்தில் கட்டடப் பொறியாளர் சங்கமோ வேறு தொழில்முறைச் சங்கமோ, கிளைப் பொறுப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் நிரம்புகின்றன.

பொறுப்புக்கு வருவதில் தவறில்லை. காகிதங்களைப் பார்க்காமல் தலையாட்டுவதுதான் முதல் தவறு. "ரெண்டு நாள் டைம் கொடுங்கண்ணே" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அந்த இரண்டு நாளில் துணைவிதி (சங்கம் தனக்கு எழுதிக்கொண்ட விதிகள்) நகல், பதிவுச் சான்றிதழ், கடைசி ஆண்டின் தணிக்கை செய்த வரவு செலவு, கூட்ட முடிவுகளை எழுதும் மினிட் புத்தகம் இரண்டு வருடத்துக்கு ஆகிய நான்கையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். நான்கில் இரண்டு கிடைக்கவில்லை என்றாலே கிளை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்போதும் பொறுப்பை ஏற்கலாம். ஆனால் எது இல்லை என்பதை முதல் செயற்குழுவிலேயே மினிட்டில் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து, "உங்க காலத்துலதான் தொலைஞ்சது" என்ற பேச்சு வரும்.

துணைவிதியில் முதலில் பார்க்க வேண்டியது, யார் போட்டியிடலாம் என்பதை. சந்தா பாக்கி உள்ளவர் நிற்கக் கூடாது என்ற விதி அநேகமாக இருக்கும். கல்யாண வீட்டில் பொருளாளரைப் பார்த்து ரொக்கமாகக் கொடுத்த சந்தாவுக்கு ரசீது இருக்கிறதா என்று தேடுங்கள். எண்ணும் தேதியும் போட்ட ரசீது கையில் இல்லாவிட்டால் அது பாக்கிதான். தேர்தல் முடிந்த பிறகு தோற்றவர் தோண்டி எடுக்கும் முதல் விஷயம் இதுவாகத்தான் இருக்கும். அடுத்தது கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது. அதற்கும் அடுத்தது பதவிக்காலம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. துணைவிதியில் இன்னும் குறைவான காலம் எழுதியிருந்தால் அதுதான் செல்லும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. சில கிளைகள் தனியாகப் பதிவு செய்துகொண்டவை. சில, மாநிலச் சங்கத்தின் பதிவெண்ணிலேயே ஓடுகின்றன. உங்கள் கிளை எந்த ரகம் என்று தெரியாமல் லெட்டர்பேட் அச்சடிக்காதீர்கள். தனிப்பதிவு இல்லாத கிளைக்கு வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, எந்த பான் எண் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கேளுங்கள். முன்னாள் பொருளாளரின் சொந்த பான் எண்ணில் சங்கக் கணக்கு ஓடுகிறது என்று தெரியவந்தால், பதவியேற்பு விழாவுக்குத் தேதி குறிப்பதை விட்டுவிட்டு அதைச் சரிசெய்யுங்கள்.

விழாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஃப்ளெக்ஸில் யார் படம் பெரிது, அழைப்பிதழில் முன்னாள் தலைவர்கள் எந்த வரிசையில் என்று இரண்டு வாரம் சண்டை நடக்கும். (பதவி வகித்த ஆண்டு வரிசையில் போட்டுவிட்டால் பாதிச் சண்டை அடங்கும்.) அதே இரண்டு வாரத்தில் நடந்திருக்க வேண்டிய ஒப்படைப்பு நடந்திருக்காது.

ஒப்படைப்புப் பட்டியல் இரண்டு பிரதி வேண்டும். இரண்டிலும் பழையவர், புதியவர் இருவரும் கையெழுத்திட வேண்டும். கையிருப்பு ரொக்கம், பாஸ்புக் இருப்பு, வைப்புநிதி ரசீது, காசோலைப் புத்தகத்தில் மீதமுள்ள இலைகளின் எண்கள், முத்திரை, உறுப்பினர் பதிவேடு, மின்னஞ்சல் கடவுச்சொல், வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பு எல்லாம் அதில் வரும். எல்லோரும் மறப்பது ரசீதுப் புத்தகத்தை. 301 முதல் 350 வரை உள்ள புத்தகத்தில் 318 வரை வெட்டியிருந்தால், "319–350 எழுதப்படாதவை" என்று பட்டியலில் இருக்க வேண்டும். எழுதாத ரசீதுகள் பழைய பொருளாளரின் கார் டேஷ்போர்டில் கிடந்தால், அதில் யார் வசூலித்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வங்கியில் கையெழுத்து மாற்றத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. கணக்கோடு இணைத்த கைபேசி எண்ணையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஓடிபி பழையவருக்கே போகும். அதைவிட மோசமானது யூபிஐ விவகாரம். கருத்தரங்குக்கான ஃப்ளெக்ஸில் அவசரத்துக்குப் பொருளாளரின் சொந்த க்யூஆரை அச்சடித்துவிடுவார்கள். பதிவுக் கட்டணம், அவர் வீட்டு மளிகைக்குப் போட்ட பணம், சைட்டுக்கு வந்த அட்வான்ஸ் எல்லாம் ஒரே கணக்கில் கலந்துவிடும். நேர்மையானவராக இருந்தாலும் மூன்று மாதம் கழித்து அவரால் அதைப் பிரித்துக் காட்ட முடியாது. சங்கக் கணக்குக்கே க்யூஆர் கேட்டு வாங்குங்கள். அது வரும்வரை கணக்கு எண்ணை மட்டும் அச்சடியுங்கள்.

பதிவு பெற்ற கிளையென்றால், நிர்வாகிகள் மாறியதை மாறிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் படிவம் 7இல் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். "ஆடிட்டர் பார்த்துக்குவார்" என்று செயலாளரும், "செயலாளர் போட்டிருப்பார்" என்று ஆடிட்டரும் இருப்பார்கள். கிளை இரண்டு அணியாக உடைகிற நாளில் பதிவாளர் அலுவலகக் கோப்பில் இருக்கும் பெயர்கள் பழைய குழுவினுடையதாகவே இருக்கும். வங்கியும் அந்தக் கோப்பைத்தான் கேட்கும்.

கூட்டத்துக்கு நாள் குறிப்பதில் நடக்கும் தவறு ஊரைப் பார்க்காமல் செய்வது. இராமநாதபுரத்தில் மாலை 7 மணிக்குக் கூட்டம் என்றால் இராமேஸ்வரத்துக்காரர் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வந்து, சாப்பிட்டுவிட்டு, இரவில் பாம்பன் பாலத்துக் காற்றில் பைக்கில் திரும்ப வேண்டும். தொண்டி, சாயல்குடிக்காரர்களுக்கும் இதே கதிதான். நான்கு கூட்டத்தில் ஒன்றையாவது மண்டபம் ஊரிலோ கீழக்கரையிலோ போடுங்கள். சனிக்கிழமை மாலை கூடவே கூடாது. அன்று கொத்தனார், சித்தாள் சம்பளப் பட்டுவாடா. ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கூட்டம் போட்டுவிட்டு, கீழக்கரை உறுப்பினர்கள் வரவில்லை என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டி இராமேஸ்வரம் சாலையில் நெரிசல். கோரம் இல்லாமல் போன கூட்டங்களில் பாதி, காலண்டரைப் பார்க்காமல் போட்டவை.

கோரம் இல்லாத கூட்டத்தில் எடுத்த முடிவை வாட்ஸ்அப்பில் போட்டு, கட்டைவிரல் குறிகளை எண்ணித் தீர்மானம் என்று சொல்வது இப்போது பரவலாகிவிட்டது. துணைவிதி அப்படி அனுமதிக்காதவரை அது தீர்மானம் ஆகாது. மினிட் எழுதுவதும் சுருங்கிவிட்டது. "கருத்தரங்கம் நடத்த ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது" என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். எவ்வளவு செலவு, யார் பொறுப்பு, எந்தக் கணக்கிலிருந்து? எழுத வேண்டியது இப்படி: "தீர்மானம் 4: செப்டம்பர் 15 பொறியாளர் தினக் கருத்தரங்குக்கு ரூ.40,000க்கு மிகாமல் செலவு செய்யவும், முன்பணமாக ரூ.10,000ஐ இணைச்செயலாளரிடம் காசோலையாகக் கொடுத்து, நிகழ்ச்சி முடிந்த 15 நாளில் வவுச்சர்களுடன் கணக்கு முடிக்கவும் தீர்மானிக்கப்பட்டது." முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள் அதன்கீழ். வந்தவர்களின் கையெழுத்து அன்றைக்கே வாங்கியதாக இருக்கட்டும். பிறகு சைட் சைட்டாகப் போய் வாங்கும் கையெழுத்துகள் ஒரே பேனாவில் இருப்பதைத் தணிக்கையாளர் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

கருத்தரங்கு என்றதும் சிமெண்ட் கம்பெனி ஆளைத் தேடிப் போவது பழக்கமாகிவிட்டது. சாப்பாட்டுச் செலவை அவர் ஏற்பார். பதிலுக்கு ஒன்றரை மணி நேரம் தன் மூட்டையின் பெருமையைப் பேசுவார். ஸ்பான்சர் வாங்குங்கள், ஆனால் ஒரு ஸ்டாலும் பத்து நிமிடமும்தான் என்று முன்கூட்டியே கடிதத்தில் எழுதி, பணத்தைச் சங்கக் கணக்கில் வாங்கி, ரசீது கொடுங்கள். இந்தக் கரையில் பேச விஷயத்துக்கா பஞ்சம்? கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456: 2000, கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டைக் 'கடுமை' வகையில் வைக்கிறது. அதற்குக் குறைந்தது எம் 30 வலிமைத் தர கான்கிரீட், கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்), தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.45க்குள். கம்பி போட்ட கான்கிரீட்டைக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உப்பான போர்வெல் தண்ணீரை அப்படியே மிக்சரில் ஊற்றி, 25 மில்லிமீட்டர் கவர் பிளாக் வைத்த சன்ஷேடின் அடியில் கம்பி துருப்பிடித்து உப்பி, காரையைத் தள்ளி உதிர்ப்பதை இங்குள்ள எந்தத் தெருவிலும் காட்டலாம். தண்ணீர்ச் சோதனை அறிக்கையை வாசிக்கக் கற்றுத்தரும் ஒரு மணி நேரம் போதும், இளம் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்குத் தானாக வருவார்கள்.

எந்தப் பொறுப்பில் தொடங்குவது? எடுத்தவுடன் தலைவர் பதவிக்குப் போகாதீர்கள். செயலாளர் பதவிக்கும் வேண்டாம். ஒரு காலம் செயற்குழு உறுப்பினராகவோ இணைச்செயலாளராகவோ இருந்தால், அறிவிப்பு அனுப்புவதிலிருந்து மண்டப வாடகை பேசுவது வரை பழகிவிடும். சொந்தத் தொழிலில் மூன்று நான்கு சைட் ஒன்றாக ஓடும் ஆண்டில் பொருளாளர் பொறுப்பை ஏற்காதீர்கள். வவுச்சர் எழுதுவது அன்றன்று செய்ய வேண்டிய வேலை.

கடைசியாக, விலகுவதிலும் தவறு நடக்கிறது. மனத்தாங்கல் வந்ததும் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறிவிட்டு, பதவியை விட்டாகிவிட்டது என்று இருப்பவர்கள் உண்டு. பதிவாளர் கோப்பில் அவர் பெயர் அப்படியே இருக்கும். வங்கியில் அவர் கையெழுத்தும்தான். தேதியிட்ட கடிதத்தைத் தலைவரிடம் கொடுத்து நகலில் ஒப்புகை வாங்குங்கள். செயற்குழு அதை ஏற்ற தீர்மானத்தின் நகலையும், ஒப்படைப்புப் பட்டியலில் உங்கள் பிரதியையும் வீட்டில் பத்திரப் பெட்டியில் வையுங்கள்.