கோங்க் போனால் தேவாலயத்தைக் கடைசியில் பாருங்கள்

பிரான்சுக்குப் போகிறவர்களில் சிலர் பாரிஸோடு நிற்காமல் ஒரு கிராமத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்று தெற்கே அவெய்ரோன் மாவட்டத்தில் இருக்கிற கோங்க் வரைக்கும் வந்துவிடுகிறார்கள். வந்தவர்கள் நேரே தேவாலய வாசலில் நின்று நாலு படம் எடுத்து, ஒரு காபி குடித்துவிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் காரைக் கிளப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் சரிவைப் பாருங்கள், அப்புறம் கல்லை, சாமி அதற்கும் அப்புறம்தான்.

கிளம்பும் முன்பே வீட்டில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. பிரான்சில் ஊராட்சி, நகராட்சி என்ற பிரிவெல்லாம் கிடையாது, பெருநகரமோ இருநூறு பேர் ஊரோ எல்லாமே கொம்யூன்தான், மொத்தம் சுமார் 35,000 (புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம், அங்கே இன்றும் கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் சொல்கிறார்கள்). கோங்க் 2016 ஜனவரி 1 அன்று பக்கத்து மூன்று கொம்யூன்களோடு சேர்ந்து ‘கோங்க் ஆன் ரூவெர்க்’ ஆகிவிட்டது. அதனால் மக்கள்தொகை, பரப்பளவு என்று எதைத் தேடினாலும் அது பழைய குட்டிக் கிராமத்தின் கணக்கா, நான்கும் சேர்ந்த புதிய கொம்யூனின் கணக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் இரண்டையும் போட்டுக் குழப்பி எழுதுகிறவர்கள் நிறைய.

அடுத்து, பிரெஞ்சு அரசின் இணைய வரைபடத் தளத்தைத் (முன்பு ஜியோபோர்ட்டாய், இப்போது cartes.gouv.fr) திறந்து ஊரைத் தேடுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கசினி வரைபடத்தையும், 1950களில் விமானத்திலிருந்து எடுத்த படங்களையும் இன்றைய படத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம், காசு கிடையாது. உயரக் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் இடத்தில்தான் ஊர் இருக்கிறது. ஊஷ் என்ற ஓடை தூர்தூ ஆற்றில் போய் விழும் இடம் அது. பள்ளத்தாக்கு ஒரு சிப்பி போலக் குழிந்து கிடப்பதால் லத்தீன் ‘கோங்கா’விலிருந்து ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்பார்கள். சமஸ்கிருதத்தின் ‘சங்க’ வழியாக நம் சங்குக்கும் இந்தச் சொல்லுக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு.

போய்ச் சேர்ந்ததும் ஊருக்குள் நுழையாமல் எதிர்ப்பக்கம் பாங்கரெல் என்ற இடத்துக்கு ஏறுங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் வெயில் விழும் சரிவில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பது தெரியும். பிறகு தூர்தூ பாலத்துக்கு இறங்கி வாருங்கள். இதை ‘ரோமன் பாலம்’ என்றுதான் சொல்வார்கள், ஆனால் ரோமானியர் கட்டியதில்லை. யாத்ரிகரைக் குறிக்கும் ‘ரூமியு’ என்ற உள்ளூர்ச் சொல் திரிந்து ரோமன் ஆகிவிட்டது. அங்கிருந்து ஷார்ல்மான்யு தெரு வழியாக மேலே ஏறுங்கள். கல் பாவிய செங்குத்தான தெரு, மழை நாளில் வழுக்கும், நல்ல செருப்பு போடாமல் வந்தால் முழங்கால் பேசும்.

ஏறும்போது சுவர்களைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் தகடு தகடாகப் பிளக்கிற கல்லை அந்த மலையிலேயே வெட்டி எடுத்துச் சுவருக்கும் கூரைக்கும் போட்டிருக்கிறார்கள். சிவப்பு மணற்கல் ஆற்றின் மேல்பகுதியிலிருந்து வந்தது. அங்கே மர்சியாக் பக்கம் மண்ணே ரத்தச் சிவப்பு, மழை பெய்தால் தூர்தூவும் சிவந்து ஓடும். மூன்றாவது, மஞ்சள் சுண்ணாம்புக்கல். தேவாலயத்தில் மூன்று கல்லும் கலந்திருக்கும், அதனால் வாசலுக்கு வருவதற்குள் சுற்றுவட்டார மண் முழுக்க உங்களுக்குப் பழகியிருக்கும்.

சரி, இப்போது தேவாலயம். வாசலுக்கு மேலே பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கிய இறுதித் தீர்ப்புக் காட்சி, 124 உருவங்கள். நடுவில் கிறிஸ்து, உங்களுக்கு இடப்பக்கம் சொர்க்கம், வலப்பக்கம் நரகம். எல்லோரும் நரகத்தைத்தான் பார்ப்பார்கள், அதில் தப்பில்லை, குதிரையிலிருந்து தலைகுப்புற விழும் வீரன், வேட்டைக்காரனையே நெருப்பில் வாட்டும் முயல்தலைப் பேய் என்று சுவாரசியம் முழுக்க அங்கேதான். ஆனால் இடப்பக்கம் ஒரு சின்னப் பெண் குப்புற விழுந்து வேண்டுவதையும், அவளுக்குப் பின்னால் கைதிகளின் இரும்பு விலங்குகள் தொங்குவதையும் விட்டுவிடாதீர்கள். அவள்தான் இந்தத் தேவாலயத்தின் புனிதை சேன்த் ஃபுவா, கைதிகளை விடுவிப்பவள் என்று நம்பினார்கள். வளைவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் குட்டி முகங்களை நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். மேலே இரட்டைக் கோபுரத்தைப் பார்த்து இடைக்காலம் என்று மயங்க வேண்டாம், அவற்றின் இன்றைய உருவம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேலை.

அந்தப் பெண்ணின் எலும்புகள் உண்மையில் அஜேன் நகரத்துச் சொத்து. இங்கிருந்து போன ஒரு துறவி அங்கே பல வருடம் நல்லவராக இருந்து, 866 வாக்கில் திருடிக்கொண்டு வந்ததாக மடத்துக் கதையே பெருமையாகச் சொல்கிறது. திருட்டு பலித்தது, யாத்ரிகர் கூட்டம் வந்தது, பொன் சேர்ந்தது. கருவூலத்தில் உட்கார்ந்திருக்கும் அவளுடைய தங்கச் சிலையின் தலை ரோமானியர் காலத்தின் கடைசியைச் சேர்ந்தது, உடம்பைவிடப் பழையது. புரட்சியின்போது இவ்வளவையும் ஊர்க்காரர்கள் வீடு வீடாக ஒளித்து வைத்துத் திருப்பிக் கொடுத்தார்களாம். சிதைந்து கிடந்த தேவாலயத்துக்கு 1837இல் பாரம்பரியக் கட்டடங்களின் அரசு ஆய்வாளராக வந்த ப்ரோஸ்பேர் மெரிமே அரசின் கவனத்தை இழுத்தார். பிரெஞ்சுப் பாரம்பரியக் கட்டடங்களின் அரசுத் தரவுத்தளத்துக்கு இன்று அவர் பெயர்தான், வேறு எந்தக் கொம்யூனுக்குப் போனாலும் முதலில் அதில் தேடுங்கள்.

உள்ளே ஓவியர் பியர் சூலாஜ் செய்த 104 ஜன்னல்கள், 1994இல் முடிந்தவை. வண்ணம் கிடையாது, வெளியே இருப்பதும் தெரியாது, வெளிச்சம் மட்டும் நேரத்துக்கு நேரம் நிறம் மாறிக்கொண்டு உள்ளே வரும். ஒருமுறை பார்த்தால் பாலிதீன் ஒட்டியது போலத்தான் இருக்கும், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை உட்காருங்கள்.

அதற்காகவே ஒரு ராத்திரி தங்க வேண்டும். கோங்கில் ரயில் நிலையம் இல்லை, ரொதேஸ் நகரம் சுமார் 40 கி.மீ., எனவே வண்டி ஏற்பாட்டை முன்பே செய்துவிடுங்கள். சீக்கிரம் எழுந்தால், லெ புய் நகரத்திலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடந்து போகும் யாத்ரிகர்கள் பாலத்தைத் தாண்டி எதிர்ச்சரிவில் ஏறுவதைப் பார்க்கலாம். வழியில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது, அதன் மணியை அடித்துவிட்டுத்தான் போவார்கள், ஊருக்குள் படுத்திருந்தாலும் கேட்கும்.