உபகாரச் சம்பளமும் கல்லூரி நிதியுதவியும்: கூட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள்

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வு முடிந்த பிள்ளைகளுக்கும் வெளிநாட்டுக் கல்லூரிக்குப் போட நினைக்கிற பிள்ளைகளுக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் விண்ணப்பம் பார்த்துக் கொடுக்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடத்தில் இந்தப் பிள்ளைகளும் சறுக்குவதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. கடைசித் தேதியை விடுவது, ஐசி (அடையாள அட்டை) நகல் வைக்க மறப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். பணத்தைக் கரைக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன். பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றி, ஏனென்றால் மதிப்பெண்ணுக்குத் தருகிற பணமும் வசதி இல்லை என்பதற்குத் தருகிற பணமும் ஒரே கடிதத்தில் கலந்து வருவது அங்கேதான்.

இரண்டையும் கூட்டுவது

இதைத்தான் வருடா வருடம் பார்க்கிறேன், இன்னமும் எரிச்சல் அடங்கவில்லை.

முதலில் கல்லூரி எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பாருங்கள். ஒரு வருடத்துக்கு ஆகும் மொத்தச் செலவை எழுதும்: கட்டணம், அறை, சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து, பல இடங்களில் மருத்துவக் காப்புறுதியும் சேர்த்து. அப்புறம் உங்கள் குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்று அதுவே தீர்மானிக்கும். நீங்கள் சொல்கிற தொகை இல்லை, அது சொல்கிற தொகை. மொத்தச் செலவில் இதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் தேவை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பல கல்லூரிகள் இதை காலேஜ் போர்ட் நடத்தும் சிஎஸ்எஸ் புரொஃபைல் பாரத்தை வைத்துத்தான் பார்க்கின்றன. ஃபாஃப்சா என்கிற அமெரிக்க அரசின் நிதியுதவிப் பாரம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தர வசிப்பிட உரிமை உள்ளவர்கள் போன்றோருக்கும் உரியது, நம் பிள்ளைகள் அதில் நேரத்தைப் போட வேண்டாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். செம்பனைக் குலை வெட்டுகிறவரின் மகள், கெட்டிக்காரப் பெண். கணக்குப் புரிவதற்காக எண்களை முழுசாக்கிவிடுகிறேன். மொத்தச் செலவு 80,000 டாலர், குடும்பம் கட்ட வேண்டியது 3,000, ஆக தேவை 77,000. கல்லூரி அதை இப்படி நிரப்பியது: மதிப்பெண்ணுக்கு உபகாரச் சம்பளம் 25,000, வருமானத்தைப் பார்த்து மானியம் 48,000, மிச்சம் 4,000 வளாகத்திலேயே வேலை செய்து சம்பாதித்துக்கொள்வது. வீட்டில் அந்த 3,000 டாலருக்கு வழி தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஊர்ச் சங்கம் ஒன்று கூப்பிட்டு மாலை போட்டு, படம் எடுத்து, ஏறக்குறைய 2,500 டாலருக்குச் சமமான பணத்தைக் கொடுத்தது. அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "இனிமே ஐந்நூறு டாலர்தான் டீச்சர், அதை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, போட்டிருந்த கூட்டுறவுக் கடன் விண்ணப்பத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஜூலையில் திருத்திய கடிதம் வந்தது. மானியம் 48,000 என்று இருந்த வரியில் 45,500. குடும்பம் கட்ட வேண்டியது என்ற வரியில் அதே 3,000. ஊர் கொடுத்த பணம் முழுக்கக் கல்லூரியின் செலவைத்தான் குறைத்தது, வீட்டுச் செலவில் ஒரு காசு குறையவில்லை. அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. வெளியிலிருந்து பணம் வந்தால் தேவை குறைந்துவிட்டது என்று பல கல்லூரிகள் எடுத்துக்கொள்கின்றன. தேவை என்பது ஒரு வாளி. எத்தனை குழாயைத் திறந்துவிட்டாலும் அதன் அளவுக்குத்தான் பிடிக்கும். அங்கேயே இது பெரிய சர்ச்சை. மேரிலாந்து மாநிலம் அரசுக் கல்லூரிகள் இப்படிக் குறைப்பதற்கு 2017இல் சட்டம் போட்டுக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, பின்னால் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களும் வந்தன. ஆனால் நம் பிள்ளைகள் பெரும்பாலும் போடுவது தனியார் கல்லூரிகளுக்கு, அங்கே அந்தந்தக் கல்லூரியின் விதிதான்.

மதிப்பெண்ணுக்குத் தருகிற பணமும் இதே வாளிக்குள்தான், இதைப் பலர் கவனிப்பதில்லை. முழுத் தேவையையும் ஏற்கிற கல்லூரியில் அந்த 25,000 இல்லாவிட்டால் மானியம் 73,000 ஆகியிருக்கும், வீட்டுப் பங்கு அதே 3,000. பெயர்தான் மாறுகிறது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் மதிப்பெண்ணுக்கென்று உபகாரச் சம்பளமே தருவதில்லை, எல்லாம் வருமானக் கணக்குத்தான். அதே சமயம் முழுத் தேவையை ஏற்காத கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. அங்கே தேவைக்கும் உதவிக்கும் நடுவில் ஓட்டை விழும், அந்த ஓட்டையை மெரிட் பணமும் ஊர்ப் பணமும் நிஜமாகவே அடைக்கும். ஆகவே 25,000 டாலர் என்று கடிதத்தில் பார்த்ததும் துள்ளாதீர்கள், இந்தக் கல்லூரி எந்த வகை என்று முதலில் பாருங்கள். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் கடைசியில் வீடு கட்ட வேண்டிய தொகையை வைத்து மட்டும்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட வேண்டும்.

வெளிப்பணத்துக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னாலேயே கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வெளியிலிருந்து பணம் வந்தால் எதை முதலில் குறைப்பீர்கள், வளாக வேலையையும் கடனையுமா, மானியத்தையா? லேப்டாப், விமானச் சீட்டு, காப்புறுதி இதற்கெல்லாம் அந்தப் பணத்தைப் பயன்படுத்தினால் மொத்தச் செலவைக் கூட்டிப் போடுவீர்களா? முதல் வருடத்துக்கு வேண்டாம், அடுத்த வருடம் தருகிறோம் என்று சங்கம் சொன்னால் கணக்கு மாறுமா? வேலையையும் கடனையும் முதலில் குறைத்துவிட்டு மானியத்தைக் கடைசியில் தொடுகிற கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே ஊர்ப் பணத்தால் பிள்ளைக்கு நிஜமாகவே மூச்சு விட நேரம் கிடைக்கும். அந்தப் பெண்ணுக்காக நாங்கள் பிறகு கல்லூரிக்கு எழுதிக் கேட்டோம், லேப்டாப்புக்கு 1,000 டாலரைச் செலவுக் கணக்கில் சேர்த்தார்கள். மீண்டது அவ்வளவுதான்.

சங்கக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) கட்டித் தோட்டம் வாங்கிய மக்கள் நம் மக்கள், கொடுப்பதற்கு இங்கே குறைவில்லை. காசோலை எழுதுவதற்கு முன்னால் பிள்ளையிடம் கேளுங்கள், கல்லூரி இதைக் கழித்துக்கொள்ளுமா என்று. கழித்துக்கொள்ளும் என்றால் விமானச் சீட்டு, குளிர்காலத் துணி என்று பெயர் குறிப்பிட்டுக் கடிதம் கொடுங்கள், கல்லூரி ஏற்கிறதா என்று பார்க்கலாம்.

வெளிப்பணத்தை மறைப்பது

வேண்டாம். எல்லா உதவியையும் சொல்வதாகக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

"முதல்ல சீட்டு கிடைக்கட்டும், அப்புறம் பணம் கேக்கலாம்"

உதவி கேட்டால் இடம் கிடைக்காது என்று யாரோ சொல்லிவிட, பாரத்தில் 'நிதியுதவி வேண்டாம்' என்று போட்டுவிடுகிறார்கள். பயத்துக்குக் காரணம் இருக்கிறது, பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் பணம் கேட்கிறாரா என்பதையும் பார்த்துத்தான் இடம் தருகின்றன. அதைப் பார்க்காமல் எடுக்கிற ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்றவை கொஞ்சம்தான், அங்கே இடம் கிடைப்பதும் லேசில்லை. ஆனால் சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பல கல்லூரிகள் பிறகு நான்கு வருடமும் எதுவும் தராது. கட்ட முடியாத இடம் கிடைத்து என்ன செய்ய? விசா பாரத்துக்கே முதல் வருடப் பணத்தைக் காட்ட வேண்டும்.

ஒரே ஒரு மாதச் சம்பளச் சீட்டு

குலை அதிகம் விழுகிற மாதத்துச் சீட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். ஓவர்டைம், ஊக்கத்தொகை எல்லாம் சேர்ந்து அது பெரிதாகத் தெரியும், அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் நீங்கள் சம்பாதிக்காத வருமானம் வந்துவிடும். முதலாளி தருகிற இஏ பாரத்தைக் கொடுங்கள், அதில் வருடக் கணக்கு இருக்கிறது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்பதையும் விளக்கப் பகுதியில் ஒரு வரி எழுதலாம், அங்கே உட்கார்ந்து படிக்கிறவருக்கு இது தெரியாது.

தோட்டத்து வீடும் அப்படித்தான். சொந்த வீடா, வாடகையா என்று பாரம் கேட்கும். இரண்டும் இல்லை, தோட்ட நிர்வாகம் கொடுத்தது, வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதி) உள்ள தொகையைச் சாதாரணச் சேமிப்பு வரியில் போட்டுவிடாதீர்கள். அது ஓய்வுக்காலப் பணம், அதில் பெரும்பகுதியை 55 வயதுக்கு முன் தொட முடியாது.

தரப்புள்ளி

மெரிட் பணம் தொடர எவ்வளவு எடுக்க வேண்டும், ஒரு பருவம் சறுக்கினால் திரும்பக் கிடைக்குமா? சேருவதற்கு முன்னால் கேளுங்கள்.

உள்ளூர் தனியார் கல்லூரி

தேர்வில் எடுத்த ஏ எண்ணிக்கைக்குத் தருகிற 50 விழுக்காட்டுக் கழிவு பெரும்பாலும் பாடக் கட்டணத்துக்கு மட்டும்தான், விடுதியும் இதர கட்டணங்களும் அப்படியே நிற்கும். பி40 (வருமானத்தில் கீழ்மட்ட 40 விழுக்காடு) குடும்பங்களுக்கான உதவியும் இருந்தால் இரண்டில் பெரியது ஒன்றுதான் என்று பல கல்லூரிகளின் விதியில் இருக்கும், எழுத்தில் வாங்குங்கள். அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன்னை உபகாரச் சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது கடன், 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணத்தோடு.

14 விழுக்காடு

அமெரிக்காவில் உபகாரச் சம்பளமும் மானியமும் பாடக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போனால் வரி இல்லை. அறைக்கும் சாப்பாட்டுக்கும் போகிற பகுதிக்கு மாணவர் விசாவில் இருப்பவர்களிடம் 14 விழுக்காடு பிடிப்பார்கள், இதைக் குறைக்க மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் கிடையாது. அந்தப் பகுதி 17,000 டாலர் என்றால் பிடிப்பது 2,380. கடிதத்தில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது. வீட்டுப் பங்கோடு சேர்த்து எழுதிவைத்துவிட்டு, இதற்கும் உதவுவீர்களா என்று அதே மின்னஞ்சலில் கேளுங்கள். மே 1 அன்று பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், கேட்க வேண்டியதையெல்லாம் அதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.