மேய்ச்சல் மாட்டின் தாமிர அளவு: கல்லீரலைக் கேட்டு அறியும் முறை

அமெரிக்காவின் புளோரிடாவில் மாடு வளர்த்தவர்கள் ஒரு காலத்தில் 'உப்பு நோய்' என்று ஒன்றைச் சொல்வார்கள். புல் நிறைந்த நிலத்தில் மேய்ந்தும் மாடு எலும்பும் தோலுமாக இளைக்கும். வேறு நிலத்துக்கு ஓட்டிப்போனால் தேறிவிடும். அந்த மணற்பாங்கான நிலத்துப் புல்லில் இரும்பும் தாமிரமும் போதாததே காரணம் என்று 1931இல் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். கோபால்ட் குறைவும் சேர்ந்ததே அது என்பது பின்னர் தெரிந்தது. அங்கே இறைச்சிக்காக மேயும் மந்தையில் எதை முதலில் சோதிப்பது என்று கேட்டால், இன்றும் தாமிரம் என்றே சொல்வேன்.

முதல் படி, எந்த உறுப்பைக் கேட்பது என்று தீர்மானிப்பது. தாமிரத்துக்கு இரத்தத்தை நம்பாதீர்கள். கல்லீரல் நெற்குதிர் என்றால் இரத்தம் அடுப்படிப் பானை. குதிர் ஏறக்குறையத் துடைத்தெடுக்கப்படும் வரை பானை நிறைந்தே இருக்கும். போதாக்குறைக்கு, உடலில் எங்காவது அழற்சி இருந்தால் இரத்தத் தாமிரம் உயர்ந்தும் காட்டும். சுண்ணாம்புச் சத்தும் அப்படித்தான்: எலும்பைக் கரைத்தாவது உடல் இரத்த அளவைக் காத்துக்கொள்ளும். செலினியத்துக்கு மட்டும் முழு இரத்தம் நல்ல சாட்சி.

அடுத்து, மாடுகளைத் தேர்ந்தெடுங்கள். நோஞ்சான் மாடு ஒன்றை மட்டும் சோதித்தால் அந்த மாட்டின் கதைதான் தெரியும். ஒரே வயதில், ஒரே புல்வெளியில் மேயும் ஏழெட்டு மாடுகள் வேண்டும். கறுப்பு மயிர் செம்பட்டையாகி, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டதுபோல் வெளிறிய வளையம் தெரிந்தால் தாமிரக் குறைவைச் சந்தேகிக்கலாம்.

மாதிரி எடுப்பது கால்நடை மருத்துவரின் வேலை. நீங்கள் முயலவே வேண்டாம். வலப்பக்கம், பின்விலாக்களுக்கு இடையே மயிரைச் சிரைத்து, கிருமிநாசினி தடவி, மரத்துப்போக ஊசி போட்டு, சிறு கீறல் வழியே நீண்ட ஊசியைச் செலுத்துவார். வெளியே வருவது பழுப்புச் சிவப்பில், சேமியா இழை அளவே இருக்கும் ஒரு துண்டு. அதைச் சுத்தமான பிளாஸ்டிக் குப்பியில் இட்டு உறைய வையுங்கள். கூடவே துத்தநாகம் பார்க்க இரத்தமும் எடுப்பதானால் சாதாரண ரப்பர் மூடிக் குழாய் கூடாது. ஒருமுறை நான் அதில் எடுத்து அனுப்பிவிட்டு, வந்த துத்தநாக அளவைக் கண்டு பூரித்துப்போனேன். அது ரப்பரிலிருந்து இறங்கிய துத்தநாகம்.

இனி, தொடக்கநிலையில் இருப்பவர்கள் தவறாமல் இடறும் இடம். ஆய்வக அறிக்கையில் 'கிலோவுக்கு 45 மில்லிகிராம்' என்று இருக்கிறது. ஈர எடையிலா, உலர் எடையிலா? கல்லீரலில் ஏறக்குறைய 70 விழுக்காடு நீர். ஈர எடை என்றால் 45ஐ 0.3ஆல் வகுங்கள், உலர் எடையில் 150 வரும். உலர் எடையில் 125க்கு மேல் இருந்தால் போதுமான அளவு, அதனால் கவலையில்லை. அதே 45 உலர் எடையில் சொல்லப்பட்டிருந்தால் குதிரில் அடிமண் தெரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். சுமார் 30க்குக் கீழே போனால் குறைபாடு உறுதி. அறிக்கையில் எது என்று எழுதவில்லையா? ஆய்வகத்துக்குப் போன் செய்து கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

அளவு குறைவாக வந்தால் உடனே தாமிரத்தைக் கொட்டாமல் புல்லையும் தண்ணீரையும் சோதியுங்கள். புல்லில் தாமிரம் போதிய அளவு இருந்தும், மாலிப்டினம் என்ற தாதுவும் கந்தகமும் வயிற்றில் சேர்ந்து அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தெற்குப் புளோரிடாவின் சதுப்பு நிலமான எவர்கிளேட்ஸ் பகுதியின் கரிமண்ணில் மாலிப்டினம் அதிகம். உரமும் காரணமாகலாம்: கந்தகம் உள்ள அம்மோனியம் சல்பேட் இட்ட பஹியா புல்லில் மேய்ந்த மாடுகளின் கல்லீரலில், அம்மோனியம் நைட்ரேட் இட்ட புல்லில் மேய்ந்தவற்றைவிடத் தாமிரம் குறைவு என்று புளோரிடா ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது.

தாது உப்புக் கலவை வாங்கும்போது பையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். தாமிர ஆக்சைடுத் தூள் பெரும்பாலும் சாணத்தோடு போய்விடும். தாமிர சல்பேட் உடலில் சேரும். மந்தையோடு செம்மறி ஆடும் மேய்கிறதென்றால் தாது உப்பு வைக்கும் தொட்டியை ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மாட்டுக்குப் போதுமான தாமிரம் செம்மறியைக் கொன்றுவிடக்கூடும்.