எக்ஸ்ரே எடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி பக்கம் யாராவது வண்டியிலிருந்து விழுந்தால் முதலில் எழும் பேச்சு, "புத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்பதுதான். அங்கே எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியர்கள் போடும் புத்தூர் கட்டு அவரவர் விருப்பம் என்று சொல்லி நழுவ எனக்கு மனமில்லை. எக்ஸ்ரே பார்க்காமல் இழுத்துக் கட்டுவது தவறு. எலும்பு எத்தனை துண்டாகியிருக்கிறது, விரிசல் மூட்டுக்குள் ஓடியிருக்கிறதா என்பதெல்லாம் தடவிப் பார்த்தால் தெரியாது. எந்தக் கட்டாக இருந்தாலும், மாவுக்கட்டே ஆனாலும், விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ இரவென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க" என்று மறுநாளே தறியில் உட்கார்ந்துவிடுவது. உள்ளங்கையை ஊன்றி விழுந்தவர் கட்டைவிரலை நன்றாக விரித்துப் பார்க்கட்டும். மணிக்கட்டு ஓரம் ஒரு சின்னக் குழி விழும். அங்கே அழுத்தினால் சுரீரென்று வலிக்கிறதா? உள்ளே இருக்கும் ஸ்கேபாய்டு என்ற எலும்பின் விரிசல் முதல் படத்தில் பல நேரம் தெரியாது. அதனால்தான் டாக்டர் சிம்பு வைத்துக் கட்டி, 10 முதல் 14 நாள் கழித்து இன்னொரு படம் எடுக்கச் சொல்கிறார். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் சேராமலே போகலாம்.

முள் விஷயமும் இப்படித்தான். கண்ணாடித் துண்டு பெரும்பாலும் படத்தில் தெரியும், வேலிகாத்தான் முள் தெரியாது. குத்தியது எது என்று சொன்னால் அல்ட்ராசவுண்டில் தேடுவார்கள்.

தலையில் அடிபட்டவருக்கு மண்டை எக்ஸ்ரே கேட்டுச் சண்டை போடாதீர்கள். அது எலும்பைத்தான் காட்டும், மூளையில் ரத்தம் கசிவதைக் காட்டாது. வாந்தி, மயக்கம், வலிப்பு இருந்தால் தேவை சி.டி. ஸ்கேன்.

கர்ப்பமாக இருந்தாலோ, சந்தேகம் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்காகத் தேவையான படத்தை மறுக்க வேண்டாம். கை, கால் எக்ஸ்ரேயில் கருவுக்குப் போகும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு. நெஞ்சு எக்ஸ்ரேயில் படம் எடுப்பவர் உடலுக்கே சுமார் 0.1 மில்லிசீவர்ட்தான் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்து பத்துப் பதினைந்து நாட்களில் நம் மேல் படுவதே அவ்வளவு இருக்கும்.

அப்புறம், பிலிமை வீட்டில் வைத்துவிட்டு செல்போனில் எடுத்த போட்டோவை நீட்டாதீர்கள். மெல்லிய விரிசல் அதில் காணாமல் போய்விடும்.